மூன்று கிணற்றுச் சந்தின் செங்கல் வரிசை

ஹைஃபோங் துறைமுகத்துக் கப்பல்களின் சங்கொலி வந்து சேர்வதற்குள் பாதியாகத் தேய்ந்துபோகும் தூரத்தில், ஒரு ரிக்‌ஷா போனால் எதிரே வரும் சைக்கிள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டிய அகலத்தில், மூன்று கிணற்றுச் சந்து என்று ஒரு சந்து இருந்தது. அதில் கிணறு ஒன்றுகூட இல்லை, அதற்காக யாரும் குறைப்பட்டுக்கொண்டதும் இல்லை. அந்தச் சந்தில், சந்திர நாட்காட்டியின் இரண்டாம் மாதம் பதினோராம் நாள், தூறலும் மூட்டமுமாக ஈரத் துணி காயாமல் எல்லாரும் சலித்துக்கொள்கிற பருவத்தில், வார்டு ஒலிபெருக்கி தொண்டையைக் கனைத்துக்கொண்டு காலைச் செய்தியை ஆரம்பித்த நேரத்தில், ஆறு வருடங்களாக மூடிக்கிடந்த ரேஷன் கடை ஜன்னலின் முன்னால் நாற்பத்தொரு செங்கற்கள் வரிசையாக வந்து நின்றன.

செங்கல் என்று சொன்னாலும் எல்லாமே செங்கல் இல்லை. முழுச் செங்கல் இருந்தது, அரைச் செங்கல் இருந்தது, அடி கழன்ற மூங்கில் கூடை, நாடா அறுந்த கூம்புத் தொப்பி, டயரில் வெட்டிய ஒற்றைச் செருப்பு, பூச்சு உதிர்ந்த பாத்திர மூடி எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பாலோ கரியாலோ ஓர் எழுத்து போட்டிருந்தது. முப்பது வயதைத் தாண்டிய யாருக்கும் இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. அரிசியோ மண்ணெண்ணெயோ சைக்கிள் டயரோ, எதுவானாலும் அரசாங்கக் கடையில் கூப்பனுக்குத்தான் என்றிருந்த அந்த நீண்ட ஆண்டுகளில், பஸ் ஸீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, வரிசையில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு மனிதர்கள் வேலைக்குப் போனார்கள், பிள்ளை பெற்றார்கள், மார்க்கெட்டில் இன்னொரு வரிசையில் இன்னொரு செங்கல்லை வைத்துவிட்டு வந்தார்கள். செங்கல் அவர்களுக்காக நின்றது, வெயிலில் நின்றது, மழையில் நின்றது, அதன் இடத்தை யாரும் பறிக்கவில்லை. அந்தக் காலம் போய், கடைகள் மூடி, கூப்பன்கள் கிழிந்து, மார்க்கெட்டில் அரிசி மலைமலையாகக் குவிந்துவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் அந்த ஊரில் யாராவது முகம் வெளிறி நின்றால், அரிசி ரேஷன் புத்தகத்தைத் தொலைத்துவிட்டாயா என்றுதான் கேட்பார்கள்.

முதலில் பார்த்தவர் ஆசிரியை ஹூவே. ஊதா மையில் தன் எழுத்துப் போட்ட செங்கல் ஒன்பதாவதாக நிற்பதைக் கண்டு, அது தன் குளியலறையில் தண்ணீர் ஜாடிக்கு முட்டுக் கொடுத்த செங்கல் அல்லவா என்று யோசித்து, வீட்டுக்கு ஓடிப் போய்ப் பார்த்தால், ஜாடி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் சந்து முழுவதும் இதே புகார்தான். ஒருவருக்குக் கட்டில்கால் இறங்கிவிட்டது, இன்னொருவருக்குப் பன்றிக் கொட்டிலின் சுவரில் ஓட்டை, அதன் வழியாகப் பன்றி வெளியே வந்து யாருடைய கீரையையோ தின்றுகொண்டிருந்தது. செங்கற்கள் தாமாக நடந்து வந்ததைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வந்ததைப் பற்றித்தான் பேச்சு.

அடுத்து அந்தச் சந்துக்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், அவர்களால் மட்டுமே செய்ய முடிந்ததைச் செய்தார்கள். வரிசையைக் கண்டதும், எதற்கு வரிசை என்று கேட்பதற்கு முன்னால், ஆளுக்கொரு செங்கல்லை எடுத்து வந்து கடைசியில் வைத்தார்கள். இடத்தைப் பிடித்த பிறகுதான் கேள்வி. குளிர்பதனப் பெட்டி என்று ஒருவர் சொன்னார், வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பத்தாள் என்று இன்னொருவர் சொன்னார், எதுவானாலும் சரி, முன்னால் நிற்பவனுக்குக் கிடைத்து நமக்குக் கிடைக்காமல் போய்விடக்கூடாது என்பதில் எல்லாரும் ஒருமனதாக இருந்தார்கள். வார்டு கமிட்டித் தலைவர் குவே, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருக்கும் மனிதர், வந்து பார்த்து ஓர் அறிக்கை எழுதினார். மூன்று கிணற்றுச் சந்தில் எந்தப் பொருளும் விற்பனைக்கு இல்லை என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொன்னார். அதைக் கேட்டதும், ஏதோ விற்கப் போகிறார்கள் என்பது பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் உறுதியாகிவிட்டது. மதியத்துக்குள் அறுபத்துமூன்று, மூன்றாம் நாளுக்குள் தொண்ணூற்றொன்பது. கடைசியில் சேர்ந்தவற்றில் ஒன்றை வைத்தது குவேயின் சொந்த மனைவி. பழைய வரிசையில் இருபத்துநாலாவதாகக் குவேயின் செங்கல் ஏற்கெனவே நிற்கிறது என்பது அந்த அம்மாளுக்குத் தெரியாது.

மூடிய ஜன்னலுக்கு உள்ளே தோவான் இருந்தாள். ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மதியத்துக்கு மேல் சந்து முனையில் தேநீர் விற்கிறாள். ஒரு காலத்தில் அவள்தான் அந்த ஜன்னல். காலை எட்டு முதல் பதினொன்றரை வரை அவள் முகத்தைப் பார்த்துத்தான் முந்நூறு குடும்பங்கள் அந்த மாதம் அரிசி தின்பதா சோளம் தின்பதா என்று தெரிந்துகொண்டன. தொலைதூரத்து நாடுகளிலிருந்து கப்பலில் வந்த அந்தச் சோளத்தை ஒரு நாள் முழுக்க ஊறவைத்தாலும் பல்லுக்கு மசியாது. அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "புத்தகம்" என்பாள், "தள்ளுங்க" என்பாள், "அடுத்தது" என்பாள், அவ்வளவுதான். ஆனால் ஒரு பிடி அரிசியைத் திருடியவள் என்றோ, தன் ஆளுக்கு நல்ல மூட்டையைப் பிரித்தவள் என்றோ அவளை யாரும் சொன்னதில்லை, அதுதான் அவளுடைய ஒரே பெருமை, அதற்காக அவள் கொடுத்த விலை சந்துக்கே தெரியும். கடை மூடிய பிறகு அந்த அறையையே அவளுக்குக் குடியிருக்க ஒதுக்கிவிட்டார்கள். மூட்டைகள் அடுக்கிய இடத்தில் கட்டிலைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் கதவில் நாலு ஆணி அடித்துவிட்டு அவள் வாழ்ந்துகொண்டிருந்தாள்.

அன்று வரிசையில் முதலாவது, ரிக்‌ஷாக்காரர் தாவுடைய செங்கல். வரிசையில் முதலில் நிற்பவன் சும்மா நிற்கக்கூடாது என்று பின்னாலிருந்தவர்கள் நெருக்க, வேறு வழியில்லாமல் அவர் ஜன்னலைத் தட்டினார். உள்ளே கஞ்சி குடித்துக்கொண்டிருந்த தோவானின் கை, அவள் முடிவெடுப்பதற்கு முன்பே எழுந்து போய்க் கதவைத் தள்ளியது. துருப்பிடித்த ஆணிகள் சத்தமில்லாமல் கழன்று விழுந்தன. "புத்தகம்" என்றாள். தாவிடம் புத்தகம் இல்லை, அப்படி ஒன்று நாட்டிலேயே இல்லை. அப்புறம் தோவான், அந்த ஜன்னலில் அதுவரை யாரும் கேட்டிராத ஒன்றைக் கேட்டாள். என்ன வேண்டும் என்று கேட்டாள்.

"வெள்ளம் வந்த வருஷம் ஈர அரிசி குடுத்தீங்க. மாத்திக் கேட்டேன், கத்தினீங்க. அத மாத்திக் குடுங்க" என்றார் தாவ்.

தோவான் எழுந்து போய், தன் சமையல் ஜாடியிலிருந்து, பால் டின்னால் ஐந்து டின் அரிசி அளந்து, தட்டி மட்டம் பார்த்து, அவர் நீட்டிய தொப்பியில் கொட்டினாள். அவர் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார். காய்ந்த நல்ல அரிசி. வீட்டில் இரண்டு மூட்டை அரிசி வைத்திருக்கும் மனிதர், அந்த ஐந்து டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செங்கல்லை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை ஒலிபெருக்கி கனைத்ததும் செங்கற்கள் எல்லாம் தரையில் உரசிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தன, இரண்டாவது முதலாவதாயிற்று. நாளுக்கு ஒரு செங்கல், ஓர் அடி. அதற்கு மேல் யார் தள்ளினாலும் நகராது, யார் இழுத்தாலும் வராது.

பத்து நாளில் சந்து இதற்குப் பழகிவிட்டது. மோட்டார் சைக்கிள்காரர்கள் இடப்புறம் ஒதுங்கிப் போகக் கற்றுக்கொண்டார்கள், ஒரு கல்யாண ஊர்வலம் வெற்றிலைத் தட்டுகளோடு வரிசையைச் சுற்றிக்கொண்டு போனது, மாப்பிள்ளையின் அப்பா போகிற போக்கில் தானும் ஒரு செங்கல் வைக்கலாமா என்று விசாரித்தார். மனிதர்கள் காலையில் வேலைக்குப் போகும் முன் தங்கள் செங்கல் அருகே பத்து நிமிடம் நின்று, இன்று யார், என்ன கேட்கிறார் என்று பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஒருவர் கால் மணி நேரம் அவளைத் திட்ட வேண்டும் என்றார். தோவான் கைகட்டிக் கேட்டாள், அவருக்கு ஏழாவது நிமிடத்திலேயே வார்த்தை தீர்ந்துவிட்டது, மீதி நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள். ஆசிரியை ஹூவே, அன்றைக்கு எல்லார் முன்னாலும் "ஏய், நீலச் சட்டை" என்று கூப்பிட்டாயே, என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்றார். தோவான் அவர் முழுப்பெயரை, அப்பா பெயரோடு, எழுந்து நின்று சொன்னாள். பதினாறாவது செங்கல் லாம் குடும்பத்துடையது. சீனாவோடு பகை முற்றிய அந்தக் கெட்ட ஆண்டில் அவர்கள் ஒரு படகில் ஏறி, கடல் தாண்டிப் போய்விட்டார்கள். சீனப் பெயர் கொண்ட குடும்பம் என்பதால் அப்போது யாரும் வழியனுப்பக்கூடப் போகவில்லை. அந்தச் செங்கல்லை என்ன செய்வது என்று சந்து கூடிப் பேசி, முகவரி தேடிப் பிடித்து ஒரு தந்தி அடித்தார்கள். எங்களுக்காக நீங்கள் நில்லுங்கள் என்று பதில் வந்தது. அன்று காலை அந்தச் செங்கல்லுக்குப் பின்னால் பதினைந்து பேர் போய் நின்றார்கள், சிலர் அழுதார்கள்.

இத்தனைக்கும் நடுவில் தோவான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். முதல் நாள் கதவைத் திறந்தபோதே அவள் பார்த்துவிட்டாள்: இருபத்துமூன்றாவதாக நின்றது ஒரு செங்கல், அடுப்பில் வெந்து வெந்து கருநீலமாகிப்போனது, எழுத்து எதுவும் போடாதது. போடத் தேவையில்லை. அவளுடைய அம்மாவின் அடுப்பில் பானையைத் தாங்கிய மூன்று கல்லில் ஒன்று அது. வீட்டைக் காக்கும் அடுப்புத் தெய்வங்கள் என்று அந்த மூன்றையும் அம்மா தொட்டுக் கும்பிடுவாள். அதைப் பதினாலு வருடத்துக்கு முன் வரிசையில் வைத்தவள் தோவானின் தங்கை மியென்.

அந்தக் கதை சின்னதுதான். சந்திர நாட்காட்டியின் கோழி ஆண்டில் வந்த பெரும் பஞ்சத்தில் வீட்டில் நாலு பேரைப் புதைத்துவிட்டுத் தப்பி வந்தவள் அந்த அம்மா. உயிரோடிருந்தவரை அவள் எதையும் ஆசையாகக் கேட்டதில்லை. செத்த பிறகு என் திதிக்கு வெள்ளைச் சோறு மட்டும் வையுங்கள், வேறு எதையும் கலக்காதீர்கள் என்று மட்டும் சொல்லியிருந்தாள். முதல் வருடத் திதி மியென் வீட்டில். முந்தின நாள் கடைக்கு அபூர்வமாக அரிசி வந்திருந்தது. மியென் விடியும் முன்பே அடுப்புக்கல்லைக் கொண்டுவந்து வரிசையில் வைத்தாள், பதினொன்று இருபதுக்கு அவள் முறை வந்தது. அப்போது பின்னாலிருந்து யாரோ, தங்கச்சிக்கு நல்ல மூட்டையாக எடுத்து வைத்திருப்பாள் பார் என்று சொன்னார்கள். தோவானின் காது சிவந்துவிட்டது. அவளுக்குப் பின்னால் ஒன்றரை மூட்டை அரிசி இருந்தது. அரிசி முடிந்துவிட்டது என்று சொல்லி, தங்கை முகத்துக்கு நேராக ஜன்னலைச் சாத்தினாள்.

மறுநாள் அம்மாவின் படத்துக்கு முன்னால் சோளம் இருந்தது. தன் பங்கு அரிசியைத் துணியில் கட்டிக்கொண்டு தோவான் போனபோது, மியென் அதை வாங்கி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள், அரிசி மழையில் ஊறிப் பொங்கியது. அதற்குப் பிறகு பதினாலு வருடம், எட்டு அடிச் சந்தின் இரண்டு பக்கத்திலும் எதிரெதிரே இருந்துகொண்டு, அக்காவும் தங்கையும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் மாதம் ஏழாம் நாள் வந்தால் இரண்டு வீட்டிலும் தனித்தனியாகத் திதி. இரண்டு வீட்டு ஊதுபத்திப் புகையும் சந்தின் நடுவில் வந்து கலந்துகொள்ளும், அக்கம்பக்கத்தார் பகை வேண்டாமென்று இரண்டு இடத்திலும் சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பார்கள்.

செங்கற்கள் வந்த காலையில் மியெனின் மண்ணெண்ணெய் ஸ்டவ் சாய்ந்து கஞ்சி கொட்டிப்போனது. அவள் குனிந்து பார்த்தாள், இருந்த மூன்று கல்லில் ஒன்றைக் காணவில்லை. பழைய செய்தித்தாளை எட்டாக மடித்து முட்டுக் கொடுத்துவிட்டு, மீன்வலை ஆலைக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அன்றிலிருந்து சந்தின் மறுமுனை வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போனாள், வரிசைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் தோவான் தினமும் அந்தக் கருநீலக் கல்லைப் பார்த்தாள். பதினெட்டு, பத்து, ஐந்து, இரண்டு. அது முன்னால் வரும் நாளில் மியென் வந்து நின்றால், என்ன வேண்டும் என்று கேட்டுவிடலாம். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை பேரும் வந்து போகிறார்கள், இத்தனை செங்கல்லும் நடக்கின்றன என்று தோவானுக்குத் தோன்றியது. அவள் வராமல் போனால் இனி எப்போதும் வரமாட்டாள்.

மூன்றாம் மாதம் மூன்றாம் நாள், வீட்டுக்கு வீடு வெல்லக் கட்டி வைத்த கொழுக்கட்டை உருட்டுகிற நாள், அடுப்புக்கல் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றது. தோவான் எட்டு மணிக்கே தலைவாரிக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பதினொன்றரை வரை யாரும் வரவில்லை. மறுநாள் ஒலிபெருக்கி கனைத்தது, செங்கற்கள் அசையவில்லை. அதற்கு மறுநாளும் அசையவில்லை. வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. இருபது வருடம் பொறுத்தவர்களுக்கு இரண்டு நாள் பொறுக்கவில்லை. ஒரு கொழுக்கட்டைத் தட்டோடு ஆசிரியை ஹூவே எதிர்வீட்டுக்குத் தூது போனார், மியென் கொழுக்கட்டையை வாங்கிக்கொண்டு பேச்சை மாற்றினாள். குவே ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொல்லி, உரிமையாளர் உடனே வந்து தன் பொருளைப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டார். அவள் ஜன்னலைச் சாத்தினாள். அந்தச் சத்தம் தோவானுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

நாலாம் நாள் குவேக்குப் பொறுமை போய்விட்டது. கூப்பிட்டும் வராதவன் செங்கல்லைக் காலால் ஒதுக்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவது அந்தக் காலத்து வழக்கம், அடுத்த ஆள் அவர்தான் என்பது தற்செயல். அவர் செருப்புக் காலைத் தூக்கிக் கல்லின்மேல் வைக்கப்போனார்.

"கால வைக்காதீங்க" என்றாள் தோவான்.

"இது நீங்க போட்ட சட்டம்தானே? எத்தனை பேர் செங்கல்ல நீங்க உதைச்சுத் தள்ளியிருப்பீங்க?" என்றார் குவே.

அது உண்மைதான். ஆனாலும் குவே காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் அம்மாவின் திதி. அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆலைக்கும் விடுமுறை, பள்ளிக்கும் விடுமுறை, வரிசைக்காரர்கள் எல்லாருமே தங்கள் தங்கள் செங்கல் அருகே வந்து நின்றிருந்தார்கள். இரண்டு வீட்டிலும் சோறு வெந்துகொண்டிருந்தது. தோவான் வழக்கம்போல அம்மாவின் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றிவிட்டு ஜன்னலில் வந்து உட்கார்ந்தாள். அப்போதுதான், அத்தனை வருடமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தும் தோன்றாத ஒன்று அவளுக்குத் தோன்றியது. ஜன்னலுக்கு உள்ளே இருந்துகொண்டு யாரையும் அழைக்க முடியாது. கட்டளையிடலாம், காத்திருக்கலாம், மூடலாம், அவ்வளவுதான். தன் வாழ்நாளில் தான் ஒரு வரிசையில்கூட நின்றதில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. கடைக்காரிக்கு வரிசை எதற்கு.

அவள் எழுந்து தன் கூம்புத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வந்தாள். ஜன்னல் திறந்தபடியே இருந்தது, நாற்காலி காலியாக இருந்தது. முதல் கல்லைத் தாண்டி, பத்தாவது ஆளைத் தாண்டி, ஐம்பதாவது ஆளைத் தாண்டி, சந்து வளையும் இடம் வரை தூறலில் நடந்து போய், போன வாரம்தான் அந்தச் சந்துக்கு மருமகளாக வந்து, மாமியாரின் செங்கல்லருகே நின்ற ஒரு பெண்ணுக்குப் பின்னால் எழுபத்தெட்டாவதாக நின்றுகொண்டாள். முன்னால் போகச் சொன்னார்கள், மாட்டேன் என்றாள். நீங்கள் இல்லாமல் வரிசை எப்படி நகரும் என்று கேட்டார்கள், தெரியாது என்றாள். எல்லார் பார்வையும் மெல்ல எதிர்வீட்டுப் பக்கம் திரும்பியது. எழுபத்தேழு பேர் சும்மா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கதவு திறந்தது. சமையல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே மியென் வெளியே வந்தாள். காலி நாற்காலியைப் பார்த்தாள், வரிசையின் கடைசியில் தொப்பியோடு நிற்கிற அக்காவைப் பார்த்தாள், அம்மாவின் கல்லைப் பார்த்தாள். வரிசையைத் தானே நகர்த்திவிடலாம் என்று விறுவிறுவென்று கடைக்குள் நுழைந்து, பதினாலு வருடம் கால் வைக்காத அந்த அறையில், நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தாள். முதல் ஆள் இல்லை. முதல் ஆள் அவளேதான். திரும்ப எழுந்து வெளியே வந்து, கல்லின் அருகே நின்று உள்ளே பார்த்தாள். இப்போது ஜன்னலில் ஆள் இல்லை. இதை அவள் இரண்டு தடவை செய்தாள், சந்தே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது, யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை.

மூன்றாவது தடவை வெளியே வந்தபோது அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வரிசையின் கடைசியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அக்கா, உள்ள போய் உக்காரு. ரெண்டு பக்கமும் நானே நிக்க முடியாது."

அக்கா என்ற சொல் தோவானின் காதில் விழுந்தது. ஆனாலும் அவள் நகரவில்லை. "நான் வரிசையில நிக்கறேன். இப்ப போனா என் இடம் போயிடும்" என்றாள். அது பிடிவாதத்தில் சொன்னதில்லை, பயத்தில் சொன்னது. அந்த இடத்துக்கு வந்து நிற்க அவளுக்குப் பதினாலு வருடம் ஆகியிருந்தது.

முன்னால் நின்ற புது மருமகள் திரும்பி, அவள் தலையிலிருந்த தொப்பியை மெதுவாகக் கழற்றித் தரையில் வைத்தாள். "போயிட்டு வாங்கம்மா. இடத்த நான் பாத்துக்கறேன்" என்றாள்.

தோவான் நனைந்துகொண்டு நடந்து வந்தாள். உள்ளே போனாள், உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தங்கையின் முகம், நரைத்த முடி, நெற்றியில் ஒரு புதிய சுருக்கம். எட்டு அடி தூரத்தில் தினமும் பார்த்த முகத்தை இப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தாள். என்ன வேண்டும் என்று கேட்டாள்.

"வெள்ளை அரிசி. அம்மாவுக்கு" என்றாள் மியென்.

தோவான் எழவில்லை. ஜன்னல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு அரிசி இருந்துச்சு மியென். ஒன்றரை மூட்டை."

"தெரியும். நீ சாத்தறப்ப பாத்தேன்."

"பின்னால நிக்கறவங்க ஏதாச்சும் சொல்லுவாங்கன்னு பயந்துட்டேன். நீ என் தங்கச்சிங்கறதாலயே உனக்குக் குடுக்கல."

மியென் தலையிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத சொல்ல உனக்குப் பதினாலு வருஷமாச்சா? எதிர்வீட்ல இருந்துகிட்டு?" என்றாள். திட்டுகிற குரல்தான், ஆனால் அதில் இருந்த கோபம் எல்லாம் பழைய கோபம், உடைந்து உதிர்கிற பக்குவத்தில் இருந்தது. தோவான் ஆமாம் என்று தலையாட்டினாள், அழுதாள், வெட்கப்படாமல் அழுதாள். மியென் ஜன்னல் வழியாகக் கையை உள்ளே நீட்டி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அதன்பின் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அம்மாவைப் பற்றி, ஸ்டவ் சாய்ந்ததைப் பற்றி, மியெனின் மூத்த மகளுக்கு வந்திருக்கும் சம்பந்தத்தைப் பற்றி, தோவானின் இருமலைப் பற்றி, ஒரு பேச்சு முடிவதற்குள் இன்னொன்று முட்டிக்கொண்டு வந்தது.

அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு மணி நேரமும் ஆயிற்று. குவே இரண்டு தடவை இருமினார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் முன்னால் வந்து, ஏற்கெனவே ஐந்து நாள் வீணாகிவிட்டது, பதினொன்றேகால் ஆகிவிட்டது, பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்கள், சொந்த விஷயத்தைப் பிறகு பேசிக்கொள்ளக்கூடாதா என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார். அதே ஜன்னல், அதே மாதிரி பின்னாலிருந்து வந்த அதே மாதிரிப் பேச்சு. தோவானின் காது ஒரு கணம் சிவந்தது. வரிசை முழுவதும் அவளைப் பார்த்தது.

"இருங்க. என் தங்கச்சிகிட்ட பேசிட்டிருக்கேன்" என்றாள் தோவான்.

குவே அவளைப் பார்த்தார், மியெனைப் பார்த்தார், பேனாக்கள் இருந்த பையைத் தடவிக்கொண்டார். பிறகு தன் இடத்துக்குத் திரும்பிப் போய், வேட்டைக்குப் போன களைப்போடு வந்தவர்போல, தன் செங்கல்மேல் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து அடுத்தவரும் உட்கார்ந்தார், அவரைப் பார்த்து அவருக்கு அடுத்தவரும் உட்கார்ந்தார். இப்படியே சந்து வளைவு வரைக்கும், செங்கல் வைத்தவர்கள் செங்கல்மேல் உட்கார, தொப்பியும் கூடையும் வைத்தவர்கள் பக்கத்தில் இருந்தவரிடம் பாதிச் செங்கல் இடம் கேட்டு வாங்கி உட்கார்ந்தார்கள்.